தேனீக்கு ஏன் பெண்பால்? மறைநூல் இலக்கணமும் பூச்சியின் பாலும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. வெளியே போய்த் தேன் சேர்ப்பவை பெண் தேனீக்களே என்பதை அறிவியல் அண்மையில்தான் கண்டுபிடித்தது, குர்ஆனோ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே தேனீயிடம் பெண்பாலில் பேசிவிட்டது என்பது அதன் சாரம். கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான் என்று சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அவர் கொன்ராட் லோரென்ஸ், நிக்கோ டின்பெர்கன் இருவரோடும் பகிர்ந்துகொண்ட அந்தப் பரிசு விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்கானது. ஃபிரிஷின் பங்கில் பேர்போனது தேனீயின் நடனமொழி. வேலைத் தேனீ பெண் என்பது அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த சங்கதி.

இதே போன்ற செய்திகள் பைபிளை வைத்தும் உபநிடதங்களை வைத்தும் வருகின்றன. நம்பிக்கையை எடைபோடுவது இங்கே வேலையில்லை. ஒரு சொல்லின் இலக்கணப் பாலை வைத்துப் பூச்சியின் உடற்பாலை அறிய முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்பதற்கான சாட்சி அந்தந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அரபி மூலம். குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்துக்கு 'அந்நஹ்ல்' என்றே பெயர். நஹ்ல் என்றால் தேனீ. 68, 69ஆம் வசனங்களில் இறைவன் தேனீக்கு மூன்று ஏவல்கள் தருகிறான்: மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுபவற்றிலும் வீடு அமைத்துக்கொள், எல்லாக் கனிகளிலிருந்தும் உண், உன் இறைவனின் வழிகளில் செல். அரபியில் இவை இத்தகிதீ, குலீ, உஸ்லுகீ. கடைசியில் நீளும் 'ஈ' பெண்பால் முன்னிலைக்குரியது. ஆணிடம் சொல்வதானால் இத்தகித், குல், உஸ்லுக் என்று வரும். 'உன் இறைவன்' என்பதிலுள்ள 'உன்'கூடப் பெண்ணை நோக்கிய வடிவம். ஆக, வசனம் பெண்பாலில் இருப்பது உண்மை. அதில் வழக்கில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. உண், செல், அமை என்ற நம் ஏவல்வினைகளுக்குப் பால் கிடையாது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்று வண்டை விளித்து, 'காமம் செப்பாது கண்டது மொழிமோ' என்று தலைவன் கேட்கிறான். அந்த 'மொழிமோ'வை எப்படிப் புரட்டினாலும் தும்பி ஆணா பெண்ணா என்று தெரியாது. (கொங்கு என்ற சொல்லுக்குத் தேன், பூந்தாது என்று பொருள் உண்டு. நாட்டுப் பெயருக்கு அதையே காரணமாகச் சொல்வாரும் உண்டு.) படர்க்கையிலும் அப்படித்தான்: தேனீ வந்தது, எறும்பு போனது. 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்று தொடங்கும் நன்னூல் நூற்பா, மற்ற உயிருள்ளவற்றையும் உயிரில்லாதவற்றையும் அஃறிணையில் சேர்த்துவிடுகிறது. பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்தார் தங்கள் ஊர்க்காரர் என்று கொண்டாடும் பவணந்தி முனிவரின் கணக்கில், தேனீக்கு ஒன்றன்பாலும் பலவின்பாலும்தான். ஆண்பால் பெண்பால் என்ற பேச்சே இல்லை. நம் மொழியில் பால் பெரும்பாலும் பொருளைப் பின்பற்றிப் போகிறது. அந்தப் பழக்கத்தோடு அரபியையோ வடமொழியையோ பார்க்கும்போது, அங்கேயும் பெண்பால் என்றால் பெண்தான் என்று தோன்றிவிடுகிறது. சறுக்கல் இங்கேதான் ஆரம்பம்.

அரபியில் நஹ்ல் ஒரு தொகுதிப்பெயர். நெல்லுக்கும் நெல்மணிக்கும் உள்ள உறவு போல, நஹ்ல் என்றால் தேனீ இனம், 'நஹ்லா' என்றால் ஒற்றைத் தேனீ. ஒற்றையைக் காட்டச் சேர்க்கும் அந்த விகுதியும் பெண்பால் விகுதியும் உருவில் ஒன்றே. ஆண் தேனீ ஒன்றைப் பிடித்துக் காட்டினாலும் அது நஹ்லாதான். தொகுதிப்பெயரை ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் ஆளலாம் என்பது அரபி இலக்கணத்தில் பொதுவிதி; ஹிஜாஸ் வட்டார வழக்கில் பெண்பாலே மிகுதி என்றும் இலக்கணிகள் குறித்திருக்கிறார்கள். ஹிஜாஸ் என்பது மக்காவும் மதீனாவும் உள்ள பகுதி.

இதைச் சோதித்துப் பார்க்க வெளியே போக வேண்டியதில்லை. நஹ்லோடு ஓர் எழுத்து மட்டுமே மாறும் 'நக்ல்' என்ற சொல்லுக்குப் பேரீச்சை என்று பொருள். அதுவும் தொகுதிப்பெயர். 54ஆம் அத்தியாயம் 20ஆம் வசனத்தில், வேரோடு பிடுங்கப்பட்ட பேரீச்ச மரங்கள் என்பதற்கு 'நக்லின் முன்கஇர்' என்று அடைமொழி ஆண்பாலில் வருகிறது. 69ஆம் அத்தியாயம் 7ஆம் வசனத்தில், உள்ளீடற்ற பேரீச்ச மரங்கள் என்பதற்கு 'நக்லின் காவியா' என்று பெண்பாலில் வருகிறது. மரம் ஒன்று, நூல் ஒன்று, காட்சியும் ஏறக்குறைய ஒன்றே: காற்றில் அழிந்த மக்கள் விழுந்து கிடக்கும் கோலம். பேரீச்சையில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி என்பது அரபுத் தோட்டக்காரர்களுக்குப் பாலபாடம். கையால் மகரந்தம் சேர்ப்பவர்கள் அவர்கள். அதனால் முதல் வசனத்தில் ஆண்மரம், அடுத்ததில் பெண்மரம் என்று யாரும் பொருள் சொல்வதில்லை. சொற்றொடரின் ஓசை அப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். பேரீச்சைக்குப் பொருந்தும் நியாயம் தேனீக்கும் பொருந்தவேண்டும்.

எறும்பில் இந்த முடிச்சு இன்னும் சுவையானது. 27ஆம் அத்தியாயம் 18ஆம் வசனத்தில், சுலைமான் நபியின் படை வருவதைக் கண்டு ஓர் எறும்பு மற்றவற்றை எச்சரிக்கிறது. 'காலத் நம்லத்துன்', அதாவது ஓர் எறும்பு சொன்னாள் என்று வினை பெண்பாலில் இருக்கிறது. இதை எடுத்துக்காட்டி, வேலை எறும்புகள் பெண்கள் என்பது அப்போதே சொல்லப்பட்டது என்பார்கள். அதே வசனத்தில் அந்த எறும்பு மற்ற எறும்புகளிடம் 'உத்குலூ', உங்கள் இருப்பிடங்களில் நுழையுங்கள் என்கிறது. அது ஆண்பால் பன்மை. புற்றுக்கு வெளியே திரியும் வேலை எறும்புகள் எல்லாமே பெண்கள். இலக்கணம் உடற்பாலைச் சொல்கிறது என்றால், சொன்னது சரி, கேட்டவை தவறு என்றாகும். உண்மையில் முதலாவது ஒருமை விகுதி இழுத்துவந்த பெண்பால். இரண்டாவது, பேசிக் கேட்கும் அறிவுள்ளவர்களாக எறும்புகளைப் பாவித்ததால் வந்த பன்மை. இரண்டுக்கும் காரணம் இலக்கணமே.

இந்த வாதம் புதிதும் அல்ல. சுலைமான் நபியின் எறும்பு ஆணா பெண்ணா என்று கேட்டு கதாதா என்ற பெரிய அறிஞரை, பின்னாளில் பேர்பெற்ற சட்ட அறிஞரான இளைஞர் அபூ ஹனீபா வாயடைக்க வைத்ததாகவும், 'காலத்' என்ற வினையை வைத்துப் பெண் என்று அபூ ஹனீபாவே விடை சொன்னதாகவும் 12ஆம் நூற்றாண்டின் ஸமக்ஷரி தம் குர்ஆன் உரையில் எழுதியிருக்கிறார். பின்வந்த இலக்கணிகள் சும்மா இருக்கவில்லை. நம்லா என்பது இருபாலுக்கும் பொது, வினை சொல்லின் பாலைப் பின்பற்றியது, அதனால் எறும்பின் பால் இதில் தெரியாது என்று மறுத்தார்கள். நுண்ணோக்கி வருவதற்கு முன்பே நடந்து முடிந்த விவாதத்தை, இன்று புதுச்சரக்காக விற்கிறோம். இன்னொன்றும் உண்டு: தேனீக் கூட்டத்தின் தலைமையை அரபியர் 'யஅஸூப்' என்றார்கள். அது ஆண்பால் சொல், தலைவன் என்ற பொருளில் வழங்கியது. ராணி என்று நாம் இன்று சொல்வதை அவர்கள் ராஜா என்றே நினைத்தார்கள்.

அப்படி நினைத்தது அவர்கள் மட்டுமல்ல. பிரச்ன உபநிடதம் (2:4) பிராணன் மற்ற புலன்களுக்கெல்லாம் தலைமை என்பதை விளக்கத் தேனீயைக் கூப்பிடுகிறது. 'மக்ஷிகா' என்னும் தேனீக்கள், 'மதுகரராஜா' எழும்பினால் எல்லாம் எழும்பும், அவன் அமர்ந்தால் எல்லாம் அமரும் என்கிறது. மக்ஷிகா பெண்பால், அதைத் தொடரும் 'எல்லாம்' என்ற சொல்லும் பெண்பால். மதுகரராஜா ஆண்பால், அதுவும் ராஜா. இலக்கணத்தை அறிவியலாகப் படித்தால், இந்த ஒரே வாக்கியத்தில் வேலைத் தேனீ சரி, ராணி தவறு. ஒரு பாதியை மேடையில் ஏற்றி மறுபாதியை மடித்து வைப்பது நேர்மையாகாது.

ஆனால் பாலை விட்டுவிட்டு நடத்தையைப் பார்த்தால், உபநிடத வாக்கியம் துல்லியமானது. கூட்டம் பிரிந்து மரக்கிளையில் தொங்குவதைப் பிடித்துப் பெட்டியில் இடுபவர்களுக்கு அது தெரியும். கிளைக்கு அடியில் கூடையைப் பிடித்து ஓங்கி உலுக்கினால் முக்கால்வாசித் தேனீக்கள் விழும். ராணி கிளையிலேயே தங்கிவிட்டால், பெட்டியில் கொட்டியவை கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் கிளைக்கே திரும்பும். ராணி உள்ளே வந்துவிட்டால், வாசலில் சில தேனீக்கள் பின்பாகத்தைத் தூக்கி இறகை விசிறி மணத்தைப் பரப்பும். காற்றில் சுற்றியவை தாமாக நடந்து உள்ளே போகும். அதன்பிறகு சில நாள் வாசலில் ராணித் தடுப்பு வைப்பது வழக்கம். வேலைத் தேனீ நுழையும், ராணியின் தடித்த மார்பு நுழையாது. தடுப்பை மறந்தால் மறுநாள் காலி பெட்டிதான். எழும்பினால் எழும்பும், அமர்ந்தால் அமரும் என்று எழுதியவர், அல்லது அவருக்குச் சொன்னவர், இதைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

பால் விஷயம் வெறுங்கண்ணுக்குத் தெரியாததா? பெட்டியைத் திறந்தால் ஓரளவு தெரியும். நம் தோட்டங்களில் வைக்கும் அடுக்குத் தேனீயில், வெயில் ஏறிய காலைநேரத்தில், லேசாகப் புகை காட்டிப் புழு வளர்க்கும் சட்டம் ஒன்றைத் தூக்கிப் பெட்டிக்கு நேர்மேலேயே பிடிக்கவேண்டும். தள்ளிப் பிடித்தால் ராணி தரையில் விழக்கூடும். சட்டத்தின் நடுவில் மூடி தட்டையாக இருக்கும் சிறு அறைகள் வேலைத் தேனீக்கு. கீழ் விளிம்பில் மூடி குமிழ்போல் எழும்பி, உச்சியில் ஊசித்துளை போன்ற ஓட்டையோடு இருப்பவை ஆண் தேனீக்கு. அந்த ஓட்டை அடுக்குத் தேனீயின் அடையாளம். இத்தாலியத் தேனீயில் இருக்காது. முட்டையிலிருந்து வெளிவர ராணிக்குச் சுமார் 16 நாள், வேலைத் தேனீக்கு 18 முதல் 20 நாள், ஆணுக்கு 24 நாள் ஆகும். ஆண் தேனீ கறுத்து, மொத்தையாக, இரண்டு பெரிய கண்களும் உச்சந்தலையில் முட்டிக்கொண்டு இருக்கும். கொடுக்கு இல்லை, தைரியமாகக் கையில் எடுக்கலாம். பூவுக்கும் போகாது, தாது சுமக்கக் காலில் கூடையும் கிடையாது.

ஆணை அடையாளம் காண்பது இவ்வளவு சுலபம் என்றால், வேலைத் தேனீ பெண் என்று ஊகிக்கப் பெரிய வெளிப்பாடு எதுவும் தேவையில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில், தேனீக்கள் பெண் என்றும் சோம்பேறித் தேனீக்கள் ஆண் என்றும் சிலர் சொல்வதாகப் பதிவு செய்திருக்கிறார். தலைமைத் தேனீயைத் தாய் என்பாரையும் குறிப்பிடுகிறார். அவரே அதை ஏற்கவில்லை. இயற்கை பெண்ணுக்கு ஆயுதம் தருவதில்லை, தேனீயிடம் கொடுக்கு இருக்கிறது, ஆகவே அது பெண்ணாக முடியாது என்பது அவர் வாதம். கண்ணால் பார்த்ததைக் கருத்து தோற்கடித்த இடம் இது. 1586இல் ஸ்பெயின்காரர் லூயிஸ் மெந்தெஸ் தெ தோர்ரெஸ் தலைமைத் தேனீ முட்டையிடும் பெண் என்று எழுதினார், 1609இல் இங்கிலாந்தின் சார்லஸ் பட்லர் அதைப் பெண்ணரசு என்றார், அந்த நூற்றாண்டிலேயே டச்சு நாட்டு ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்துச் சூலகத்தைக் காட்டினார். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வருகிறது என்பதை 1845இல் சொன்னவர் யோஹான் ஜியர்சோன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். வேலைத் தேனீக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16 மட்டுமே. அப்பன் இல்லாத பிள்ளை அது.

ஜியர்சோன் சொன்னதைப் பெட்டி வைத்திருப்பவர்கள் நஷ்டப்பட்டுத்தான் பார்க்கிறார்கள். ராணி செத்து, புது ராணி வளர்க்க இளம்புழுவும் இல்லாமல் போனால், சில நாட்களில் வேலைத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். ராணி ஓர் அறைக்கு ஒரு முட்டையை அடித்தளத்தில் நிறுத்தும். வேலைத் தேனீயின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. ஆகவே ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள் சுவரில் ஒட்டிக் கிடக்கும். அவற்றிலிருந்து வருவதெல்லாம் ஆண். சிறு அறையில் வளர்ந்த குட்டை ஆண்கள் பெருகி, தேன் சேர்க்க ஆளில்லாமல் கூட்டம் அழியும். அறையில் பல முட்டை தெரிந்தவுடன், நல்ல ராணியுள்ள பெட்டியோடு செய்தித்தாளை இடையில் வைத்துச் சேர்த்துவிடுவதே புத்திசாலித்தனம். தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் இரண்டு கூட்டத்தின் மணமும் கலந்துவிடும். வேலைத் தேனீ பெண் என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற சாட்சி கிடையாது. ஒரு வசனத்தின் வினைவிகுதியில் இதெல்லாம் அடங்காது.

பைபிளின் எறும்புக்கு வருவோம். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிறது. 'அதற்குப் பிரபுவும், தலைவனும், அதிகாரியும் இல்லாதிருந்தும்' கோடையில் உணவு சேர்க்கும் என்கிறது. எபிரேயத்தில் நெமாலா பெண்பால், வினையும் 'தாகீன்' என்று பெண்பால் ஒருமை. ஆனால் அதே நூலின் 30ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தில் எறும்புகள் வலுவற்ற ஓர் இனம் என்று வரும்போது, 'அம்' என்ற ஆண்பால் சொல்லை ஒட்டி வினை 'வய்யாகீனு' என்று ஆண்பால் பன்மையாகிறது. செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே, கோடையில் இரை சேர்ப்பது. பால் மாறியதற்குப் பக்கத்தில் நின்ற சொல்தான் காரணம்.

இந்த வசனத்தில் வியக்கத்தக்கது வேறு இடத்தில் இருக்கிறது. எறும்பு தானியம் சேர்ப்பதை 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஐரோப்பிய இயற்கையாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். கூட்டுப்புழுவைத் தூக்கிப் போவதைத் தானியம் என்று பழங்காலத்தார் மயங்கிவிட்டார்கள் என்றார்கள். காரணம், அவர்கள் பார்த்த குளிர்நாட்டு எறும்புகள் விதை சேர்ப்பதில்லை. வறண்ட நாட்டு எறும்புகள் சேர்க்கும். மோக்ரிட்ஜ் என்பவர் மத்தியதரைக் கடலோரத்தில் புற்றுகளைத் தோண்டி விதைக் கிடங்குகளைக் காட்டி 1873இல் எழுதிய பிறகுதான் ஐரோப்பாவில் விவாதம் அடங்கியது. அதற்கு முன்பே, சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு 1851இல் வெளியிட்டபோது விதை சேர்ப்பவற்றைக் குறித்திருந்தார். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் நடப்பவருக்கு இது சாதாரணக் காட்சி. புற்று வாயைச் சுற்றி உமியும் தோலும் வளையமாகக் கிடக்கும். மழை ஓய்ந்து வெயில் அடித்தால், நனைந்த புல்விதைகளை எறும்புகள் வெளியே கொண்டுவந்து பரப்பிக் காயவைக்கும். எருசலேம் பக்கமும் கோடை வறண்ட நாடுதான். நூலை எழுதியவர் தம் நிலத்து எறும்பைச் சரியாகப் பார்த்தார், அறிஞர்கள் தம் நிலத்து எறும்பை வைத்து அவரைத் திருத்தப் போய்ச் சறுக்கினார்கள். பிரபு இல்லை என்பதும் பெருமளவு சரியே: ராணி எறும்பு முட்டையிடுமே தவிர ஆணையிடாது.

தேனீ வசனத்திலும் கவனிப்பு பெண்பாலில் இல்லை, வீட்டு முகவரியில் இருக்கிறது: மலை, மரம், மனிதர் கட்டுவது. அரேபியாவில் பாறை இடுக்கு, மரப்பொந்து, மனிதர் வைக்கும் கூடு என மூன்றிலும் தேனீ குடியிருந்தது. இங்கே அந்த முகவரிகளை வேறுவேறு இனங்கள் பிரித்துக்கொண்டிருக்கின்றன. நீலகிரிச் சரிவின் செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ தொங்கும், குறும்பர்கள் கயிற்றேணி கட்டி இறங்கி எடுப்பார்கள். புதர்க்கொம்பில் கொம்புத்தேனீ, பொந்திலும் பெட்டியிலும் அடுக்குத் தேனீ.

சிலந்திக்கும் (29:41) இதே வாதம் உண்டு: வலை பின்னுவது பெண்தான், வினையும் பெண்பால் என்று. அரபியில் 'அன்கபூத்' பெரும்பாலும் பெண்பாலாகவே வழங்கும் சொல், எழுதியவருக்கு அதில் தேர்வு குறைவு. ஆண் சிலந்திகளும் முதிரும்வரை வலை பின்னுகின்றன. சிலந்தி பூச்சியினமும் அல்ல, போகட்டும்.

ஆக, யாராவது இப்படி ஒரு செய்தியைக் காட்டினால் மூலத்தில் மூன்றைப் பார்த்தால் போதும். அந்தச் சொல்லுக்கு மறுபால் வடிவம் ஒன்று இருந்து, அதைத் தவிர்த்து இதை எடுத்தார்களா? அதே நூலில் அதே வகைச் சொல் வேறிடத்தில் பால் மாறுகிறதா? அந்தப் பூச்சிக்கு அந்த மொழியிலுள்ள மற்றப் பெயர்களும் அதே அறிவைக் காட்டுகின்றனவா? நஹ்ல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நிற்காது, மக்ஷிகா மூன்றாவதில் விழும், நெமாலா இரண்டாவதில்.

நம் மொழியையே இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். தட்டான், கரப்பான், கறையான் எல்லாம் 'ஆன்' என்று முடிகின்றன. நாளைக்கு ஒருவர் தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு, தட்டாரப்பூச்சியில் பெண்ணே இல்லை என்று தமிழர் நம்பினார்கள் என எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். தட்டான் பறந்தது என்றுதான் சொல்கிறோம், பறந்தான் என்பதில்லை. கறையானில் இந்த விளையாட்டு முழுசாகவே உடைந்துபோகும். எறும்பு, தேனீ போலன்றி அதில் வேலைக்காரக் கறையான்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. புற்றின் நடுவே களிமண் அறையில், விரல்போல் ஊதிக் கிடக்கும் ராணியோடு நிஜமாகவே ஒரு ராஜாவும் வாழ்கிறது. ஆண் தேனீபோல் ஒருமுறை கூடிச் செத்துவிடுவதில்லை. மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் விழுமே, இறகு உதிர்ந்தபின் இரண்டிரண்டாகத் தரையில் ஓடுவதைக் குனிந்து பார்த்தால் தெரியும்: முன்னால் போவது பெண், அதன் வாலை ஒட்டிப் பின்னால் ஓடுவது ஆண்.